பட்டம் பறந்த புதன்கிழமை

சனிக்கிழமை காலை, பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்த கனகவல்லியின் கண்ணில் முதலில் பட்டது ஓர் அளவு டேப். அதன் ஒரு முனை வாசல் கேட்டில் இருந்தது. அதைப் பிடித்திருந்தவர் சஃபாரி சட்டை போட்ட, முன்பின் தெரியாத மனிதர். மறுமுனை, காம்பவுண்டுச் சுவர் ரோட்டோடு சேர்ந்து திரும்புகிற மூலையில். அதைப் பிடித்திருந்தவன் அவளுடைய மகன் அபிநவ்.

இருவரும் பெங்காலியில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. டேப் சர்ரென்று சுருண்டு அந்த மனிதரின் பைக்குள் போய்விட்டது.

"யாருடா அது?"

"டேம்ப் பாக்க வந்தவர், மா. சுவரெல்லாம் ஊறிப் போயிருக்கே. வின்டர்லயே முடிச்சுடலாம்னு."

கல்கத்தாவில் சுவர் ஊறாத வீடு எது? கனகவல்லி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. இதையே வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்த சஃபாரிக்காரரின் தாத்தா பெயர் வரைக்கும் விசாரித்திருப்பாள்.

ஏனென்றால் சந்தேகம் என்பது கனகவல்லியின் உடம்போடு ஒட்டியது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு சர்க்கார் ஆபீஸில் ஆடிட் செக்‌ஷனில் உட்கார்ந்திருந்தவள். ரிடையர் ஆன பிறகு அந்தச் சாமர்த்தியத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து எடை குறைகிறதே என்பாள். வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணின் மாமியாருக்கு ஏன் திங்கட்கிழமை மட்டும் காய்ச்சல் வருகிறது என்று யோசிப்பாள். 'ஸ்வீட் தொடவே இல்லை' என்று புருஷன் சொன்னால் பக்கத்தில் போய் முகர்ந்து பார்ப்பாள். கல்யாணமாகி வந்த இரண்டு வருஷமாக மருமகள் ஒரு சண்டைகூடப் போடாமல் நல்லவளாகவே இருப்பதில்கூட அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இந்த வலையில் சிக்காத ஒரே ஆள் அபிநவ். ஆடிட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. சொந்தக்காரர் வேலை பார்க்கும் ஆபீஸுக்கு உங்களைத் தணிக்கைக்கு அனுப்பமாட்டார்கள். முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் வேறு ஆள் போவார். மகன் விஷயத்தில் கனகவல்லி எழுதிக் கொடுக்காமலேயே ஒதுங்கிக்கொண்டவள்.

ஷிமுல்தலா மோட் நம் வாசகர்களுக்குப் புதிதில்லை. ஜாதவ்பூரைத் தாண்டித் தெற்கே போனால் வருகிற அந்த நாலு ரோட்டு முக்கை இந்தத் தொடர்கதையில் எத்தனையோ தடவை கடந்திருக்கிறோம். ஒரு தடவைகூட நிம்மதியாகக் கடந்ததில்லை. மினிபஸ், சைக்கிள் வேன், கறிகாய்க் கூடை, மூலையில் ஆட்டோ ஸ்டாண்ட், ஸ்டாண்டை ஒட்டினாற்போல் கனகவல்லியின் புருஷன் கோபாலனின் அப்பா கட்டிய வீடு. போன வருஷம் அடுத்த வீட்டு ஸ்மிதாவின் மகள் ரிமியை ஒரு மினிபஸ் அந்த மூலையில்தான் தள்ளிவிட்டுப் போனது. காலேஜில் படிக்கிற பெண் இன்றைக்கும் கம்பு ஊன்றி நடக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் சந்திப்பையே மாற்றிக் கட்டுவது என்று முடிவானது. வரைபடம் போடுகிற வேலை சால்ட் லேக்கில் உள்ள ஒரு கன்சல்டன்சிக்குப் போனது. அங்கே டிராஃபிக் இன்ஜினியர், திருச்சியிலிருந்து அபிநவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நம் சாய்பிரியா. போன வாரம் அந்த வரைபடத்தைப் பேட்டை க்ளப் வாசலில் ஒட்டினார்கள். அதில் மூலை ஆட்டோ ஸ்டாண்டைக் காணோம். கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தள்ளியிருந்தார்கள். நாளை ஞாயிறு காலை க்ளப் ஹாலில் ஊர்க் கூட்டம். சாய்பிரியா எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும்.

அபிநவ் குளித்துவிட்டு, ஜாதவ்பூரில் யாரையோ பார்க்கவேண்டும் என்று கிளம்பிப் போனான். கனகவல்லி பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்பட்டாள்.

வாசலிலேயே வித்தியாசம் தெரிந்தது. அவள் கேட்டைத் திறந்தால் வழக்கமாக உத்தம் தன் ஆட்டோவை இரண்டடி பின்னால் தள்ளி வழிவிடுவான். இன்றைக்கு அவன் நகரவில்லை. ஹேண்டில்பார்மேல் கையை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தான்.

"என்ன உத்தம், வழி விடமாட்டியா?" என்று பெங்காலியில் கேட்டாள்.

"வழிதான் மொத்தமா வரப்போகுதே, மாஷிமா" என்றான். பிறகு மெதுவாக வண்டியைத் தள்ளினான். "இத்தனை வருஷமா உங்க சுவர் நிழல்ல நின்னோம். கஷ்டமா இருந்தா வாயால சொல்லியிருக்கலாம்."

மளிகைக் கடையில் ஸ்மிதா நின்றிருந்தாள். கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி பேசுகிறவள். இன்று கடுகு எண்ணெய் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள். கனகவல்லி விடவில்லை. முன்னால் போய் நின்றாள்.

"என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போறியே, ஸ்மிதா."

"பேசறதுக்கு என்ன இருக்கு, மாஷிமா? நாளைக்கு உங்க பௌமா பேசப்போறாளே. எல்லாரும் கேக்கத்தானே போறோம்."

மருமகளை இவள் எப்போதும் சாய்பிரியா என்றுதான் சொல்வாள். இன்றைக்கு 'உங்க பௌமா' ஆகிவிட்டது.

"மனசுல இருக்கறதை நேராச் சொல்லு."

ஸ்மிதா சுற்றும்முற்றும் பார்த்தாள். "மோட்டுல எல்லாரும் சொல்றாங்க. மெட்ராஸி வீட்டு வாசலைக் காலி பண்ணிக் குடுக்கத்தான் இந்த ரோடே போடறாங்கன்னு. ரிமியோட கால் உங்க வீட்டுக்கு உபயோகப்பட்டுதுன்னு." அவள் குரல் கம்மியது. "அந்தப் பொண்ணு தினமும் அந்த ஆட்டோவுலதான் காலேஜ் போறா. கம்பை ஊணிண்டு பாலம் வரைக்கும் நடக்கணும்னு உங்க வீட்டுல ஒருத்தருக்கும் தோணலையா?"

கனகவல்லி வாங்க வந்த சாமான் எதையும் வாங்காமல் திரும்பினாள்.

ஊர் சொல்வதை அவள் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. ஆனால் ஊர் சொல்லாததும் சிலது அவளுக்குத் தெரியும். ஒரு வாரமாக சாய்பிரியா குரலைத் தாழ்த்திக்கொண்டு ஃபோன் பேசுகிறாள். யாராவது அறைக்குள் வந்தால் லேப்டாப்பைப் பாதி மூடுகிறாள். ஸ்டாண்ட் போகிறது என்று தெரிந்த அன்று மாமனார் சந்தோஷத்தில் இரண்டு கரண்டி பாயசம் கூடுதலாகச் சாப்பிட்டபோது தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு இப்போது வேறு அர்த்தம் வந்தது.

நல்லவளாகவே இருக்கிறாளே என்று நான் பட்ட சந்தேகம் வீண்போகவில்லை போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் காபி கலந்தாள். காபி ஒரு சாக்கு. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மருமகளுக்குப் பின்னால், செருப்பில்லாத காலோடு சத்தமில்லாமல் போய் நின்றாள்.

திரையில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து எடுத்த ரோடு. ஒரு மினிபஸ் தாராளமாகத் திரும்பிப் போனது. இரண்டு சைக்கிள் வேன், சில கார்கள். அகலமான, அழகான ரோடு.

"இது எந்த ஊர்டி?"

சாய்பிரியா திடுக்கிட்டுத் திரும்பினாள். லேப்டாப்பின் மேல்பக்கத்துக்குக் கை போயிற்று. மூடவில்லை.

"நம்ம மோட்தாம்மா. செப்டம்பர்ல டிராஃபிக் கவுண்ட் எடுத்தோமே, அந்த வீடியோ. நாளைக்கு மீட்டிங்ல ஒரு நிமிஷம் போட்டுக் காட்டலாம்னு."

செப்டம்பர் முழுக்க கனகவல்லி தங்கை பெண்ணின் பிரசவத்துக்காகச் சென்னையில் இருந்தாள். அதனால் கேமரா கட்டினதையோ எண்ணினதையோ அவள் பார்க்கவில்லை.

"நம்ம மோட் என்னிக்கு இவ்வளவு காலியா இருந்தது?"

சாய்பிரியா பதில் சொல்வதற்குள் திரையில் நாலைந்து பையன்கள் ரோட்டுக்குக் குறுக்கே ஓடினார்கள். ஒருவன் கையில் நீள மூங்கில், அதன் நுனியில் முள்ளுக்கிளை. ஒரு கார் சடாரென்று நின்றது. பையன்கள் ஒருவரும் காரைப் பார்க்கவில்லை. எல்லோருடைய முகமும் வானத்தைப் பார்த்தபடி இருந்தது.

"நிறுத்து. கொஞ்சம் பின்னாடி கொண்டு போ."

சாய்பிரியா பின்னால் நகர்த்தினாள். விளக்குக் கம்பத்துக் கம்பியில் சிவப்பாக ஒன்று மாட்டிக்கொண்டு ஆடியது. பட்டம்.

"இது என்ன தேதி?"

"செப்டம்பர் பதினேழு. புதன்கிழமை. ஏம்மா?"

கனகவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "புரட்டாசி மாசப்பிறப்பு."

"ஆமா. அன்னிக்கு நான் ஹைதராபாத்ல எங்க ஹெட் ஆபீஸ்ல இருந்தேன். இங்க அப்பா பண்ற தர்ப்பணத்துக்கு எல்லாத்தையும் முதல் நாளே எடுத்து வச்சுட்டுப் போனேனே. மாசப்பிறப்புக்கும் டிராஃபிக்குக்கும் என்னம்மா?"

"இந்த ஊர்ல அன்னிக்கு விஸ்வகர்மா பூஜைடி. நம்ம பக்கத்துல ஆயுத பூஜை மாதிரி இவாளுக்கு இது. மெஷின், வண்டி, பட்டறை எல்லாத்துக்கும் மாலை போட்டு நிறுத்திடுவா. அன்னிக்குத் தேடினாலும் ஒரு ஆட்டோ கிடைக்காது. ஊர்ல இருக்கிற அத்தனை பசங்களும் மாடில ஏறிண்டு பட்டம் விடும். கல்கத்தால அன்னிக்கு ஒரு நாள்தான் இப்படி வானம் பூராப் பட்டமா இருக்கும்."

சாய்பிரியா திரையையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆயுத பூஜை அப்புறம்தானே வந்தது" என்றாள். குரல் பள்ளிக்கூடத்துப் பெண்ணின் குரல் போல இருந்தது. "அன்னிக்கு வண்டி ஓடாதுன்னு நான் பாத்துப் பாத்துத்தானே அதுக்கு முன்னாடி வச்சேன். துர்கா பூஜா கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, வாரத்துக்கு நடுவுல, ஸ்கூல் இருக்கிற நாளா... ஒரு நாள் எண்ணத்தான் சாங்ஷன் குடுத்தாங்க."

"உன் ஆபீஸ்ல பெங்காலியே கிடையாதா?"

"எங்க டீம்ல ரெண்டு பேர். ரெண்டு பேரும் அன்னிக்கு லீவு. வீட்ல பூஜைன்னாங்க. இந்த ஊர்ல எந்த வாரம்மா பூஜை இல்லே? கேமரா கட்டினது ராஞ்சிலேருந்து வந்த ஆளுங்க. முதல் நாளே கட்டிட்டுப் போயிட்டாங்க. எண்ணினது ஹைதராபாத்ல, கம்ப்யூட்டர்."

மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து முழித்த எத்தனையோ முகங்களை கனகவல்லி பார்த்திருக்கிறாள். தெரிந்து செய்தவன் முதலில் கோபப்படுவான். தெரியாமல் செய்தவனுக்குத்தான் இப்படிக் கைவிரல் நுனி நடுங்கும். மருமகளின் விரலைப் பார்த்ததும் கடையிலிருந்து சுமந்துகொண்டு வந்த சந்தேகம் அவளை விட்டு இறங்கியது. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"இதனால உன் வரைபடத்துல என்ன கெடுதல் வரும்? எனக்குப் புரியற மாதிரிச் சொல்லு."

சாய்பிரியா காபி டம்ளரை மேஜை ஓரத்தில் நகர்த்தி வைத்தாள். "இது நம்ம வீட்டு மூலை. ஆட்டோ கொஞ்சம்தான்னு கணக்கு வந்ததால இங்க ஸ்டாண்டே வேண்டாம்னு எடுத்துட்டேன். அந்த இடத்தைச் சேர்த்து, இடது பக்கம் திரும்பற வண்டி சிக்னல்ல நிக்காம போற மாதிரி அகலமா ஒரு வளைவு குடுத்தேன். நிஜத்துல என்ன ஆகும்? பாலம் வரைக்கும் யாரும் நடக்கமாட்டாங்க. ஆட்டோவும் அங்க போய் நிக்காது. எல்லாரும் பழைய மூலைக்கேதான் வருவாங்க. மினிபஸ் ப்ரேக் போடாம வளைஞ்சு வரும். வளைவு முடியற இடத்துல ஜனம் ஆட்டோவுக்காக ரோட்டுல நிக்கும்."

இரண்டு பேருக்கும் ரிமிதான் ஞாபகத்துக்கு வந்தாள்.

"நாளைக்கு என்ன பண்ணப்போறே?"

"தப்புன்னு சொல்லித்தானே ஆகணும்." சாய்பிரியா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆபீஸ்ல என்னை வச்சுக்கமாட்டாங்க. அது போகட்டும்னு சொல்லவும் மனசு வரலை. ஆனா தப்புன்னு சொன்னாக்கூட யாரும்மா நம்புவாங்க? என் வீட்டு வாசலுக்காக வேணும்னே அந்த நாளைப் பிடிச்சேன்னுதான் சொல்லுவாங்க. ஒரு வாரமா ஃபோன்ல அதைத்தான் கேக்கறாங்க. உங்களுக்குத் தெரியவேண்டாம்னு நான் மெதுவாப் பேசிண்டிருந்தேன்."

குரலைத் தாழ்த்தின காரணம் அதுதானா? கனகவல்லி கையை நீட்டி மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் இப்படிப் பிடித்தது இதுதான் முதல் தடவை.

உடனே பழைய புத்தி எழுந்து உட்கார்ந்தது. இவளுக்குத் தெரியாது, சரி. வீடியோ கோணத்தைப் பார்த்தால் கேமரா தொங்கினது வீட்டு வாசலில். அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களுக்குமா தெரியாது?

"அன்னிக்கு வீட்டுல யார் இருந்தா?"

"அப்பா இருந்தார், அப்புறம்..." என்று ஆரம்பித்தாள் சாய்பிரியா.

மீதியைக் கேட்காமல் கனகவல்லி எழுந்தாள்.

கோபாலன் பால்கனியில் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பாங்கில் ஆபீஸராக இருந்து ரிடையர் ஆனவர். பரம சாது. கீழே இருக்கும் ஆட்டோ ஸ்டாண்டு ஒன்றைத் தவிர அவருக்கு உலகத்தில் எதிரி கிடையாது. வருஷா வருஷம் புரட்டாசி மாசப்பிறப்பன்று அவர் தர்ப்பணத்துக்கு உட்காரும் நேரம் பார்த்து ஸ்டாண்டில் விஸ்வகர்மா பூஜைக்கு ஸ்பீக்கர் அலறும். மந்திரத்துக்கு நடுநடுவே ஸ்பீக்கரையும் சபித்துத்தான் அவர் பித்ருக்களுக்கு எள்ளும் ஜலமும் விடுவார். அந்தத் தேதியை அவர் மறந்தார் என்று சொன்னால் பித்ருக்களே நம்பமாட்டார்கள்.

"ஏன்னா, கேமரா கட்டின அன்னிக்கு என்ன நாள்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

பேப்பர் மெதுவாகத் தாழ்ந்தது. "எந்தக் கேமரா?"

"நம்ம கேட்டுக்கு நேரா தொங்கித்தே, அந்தக் கேமரா. ஒரு ஆட்டோ ஓடாத நாளா பாத்து உங்க மாட்டுப்பொண்ணு எண்ணிண்டிருந்தாளே, அந்தக் கேமரா."

கோபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. "தெரியும். தெரியாம என்ன? ஸ்பீக்கர் காதைப் பொளந்துதே."

"தெரிஞ்சும் சும்மா இருந்தேளா?"

"சும்மா எங்க இருந்தேன்? அபிகிட்டச் சொன்னேனே. இன்னிக்கு விஸ்வகர்மா பூஜையாச்சேடா, எண்ணி என்ன பிரயோஜனம், அவளுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுன்னேன். சொல்லிட்டேன்னு சொன்னான்."

"அபிகிட்டயா?"

"பின்ன யார்கிட்ட? அவள் ஹைதராபாத்ல இருந்தா. எனக்கு அந்த வாட்ஸப் கால் எல்லாம் வராது."

கனகவல்லி அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு ஓரடி கிட்டே போனாள். புது ஈச்ச வெல்லம் போட்ட நொலேன் குட சந்தேஷின் வாசனை லேசாக வந்தது. "ஃப்ரிட்ஜ்ல இருந்த சந்தேஷைச் சாப்பிட்டேளா?"

"தொடவே இல்லை" என்றார் கோபாலன், மகா அமைதியாக.

அவ்வளவுதான். கணக்கு முடிந்தது. சர்க்கரை வியாதிக்காரர் வாயில் வெல்ல வாசனையோடு இவ்வளவு நிதானமாகப் பொய் சொன்னால், கேமரா விஷயத்தில் மட்டும் நிஜம் சொல்வாரா? பழியைத் தூக்கி வீட்டில் இல்லாத பிள்ளை தலையில் போடுகிறார். கனகவல்லி வேகமாக உள்ளே வந்தாள்.

"எல்லாம் உன் மாமனார் வேலைதான். தெரிஞ்சுண்டே வாயை மூடிண்டு இருந்திருக்கார். கேட்டா, அபிகிட்டச் சொல்லி உனக்குச் சொல்லச் சொன்னாராம். யார் காதுல பூ சுத்தறார்?"

சாய்பிரியா தலை நிமிர்ந்தாள். "அபிகிட்டச் சொன்னேன்னாரா?"

"ஆமா. பேச்சைப் பாரேன்."

மருமகள் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். "அன்னிக்கு மத்தியானம் ஹைதராபாத்ல உக்காந்து நான் கேமராவைப் பாத்தேம்மா. ஆட்டோ ரொம்பக் கம்மியா இருந்தது. எனக்கே உறுத்தித்து. ஸ்டாண்ட் பக்கம் கேமராவுல விழாது. அதனால அபிக்கு ஃபோன் பண்ணினேன். அவர் வீட்டுல இருந்தார்."

"புதன்கிழமையா? ஆபீஸ் போகலையா?"

"தலைவலின்னு லீவு போட்டேன்னார். கீழ எல்லாம் நார்மலா இருக்கான்னு கேட்டேன். எப்பவும் போலத்தான் இருக்கு, நான் மாடிலேருந்து பாத்துண்டேதான் பேசறேன்னார். பின்னாடி ஒரே கூச்சல். தலைவலிக்கு மாடில என்ன பண்றீங்க, அது என்ன சத்தம்னு கேட்டேன். பக்கத்து வீட்டு டிவில கிரிக்கெட்னார்."

"என்னன்னு கத்தினா?"

"எல்லாரும் சேர்ந்து என்னமோ..." சாய்பிரியா கண்ணை மூடி யோசித்தாள். "போக்காட்டா. அப்படித்தான் கேட்டுது. திருப்பித் திருப்பி. போக்காட்டான்னு."

கனகவல்லியின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது.

எதிரி பட்டத்தின் நூல் அறுந்து விழும்போது இந்த ஊர் மாடிகளில் எழும் கூச்சல் அது. ஆறு வயசிலிருந்து அபிநவ் விஸ்வகர்மா பூஜையன்று இந்த மாடியில் நின்று அப்படிக் கத்தியிருக்கிறான். பரீட்சை வந்தாலும் ஜுரம் வந்தாலும் ஒரு வருஷம்கூட விட்டதில்லை. மாஞ்சா நூல் அறுத்த விரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டினவள் அவள்தான்.

மனைவி வெளியூரில் உட்கார்ந்து ஆட்டோவை எண்ணிக்கொண்டிருக்க, மாலை போட்டு நிறுத்தின ஆட்டோக்களை மேலேயிருந்து பார்த்துக்கொண்டே, கையில் நூலோடு, எல்லாம் எப்பவும் போலத்தான் என்று சொல்லியிருக்கிறான்.

எதற்கு?

காலையில் பார்த்த டேப் கண்முன் வந்தது. டேம்ப் பார்க்க வந்தவர் சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. விரலால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கேட்டிலிருந்து ரோட்டு மூலை வரைக்கும் வாசல் அகலத்தை அளந்தார்.

"சாயி, கீழ்ப் போர்ஷனைப் பத்தி அபி உன்கிட்ட எப்பவாவது பேசினானா?"

"கடைக்கு விடலாம்னு ஒரு தரம் சொன்னார். ஏதோ பெரிய ஷோரூம் கேக்கறாங்க, ஆனா வாசல்ல ஸ்டாண்ட் இருக்கிறவரைக்கும் யாரும் வரமாட்டாங்கன்னு." அவள் நிறுத்தினாள். "அது நான் வரைபடம் போட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி."

மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் உள்ள அத்தனை பேரையும் துருவித் துருவிப் பார்த்த கண், பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டவனைப் பார்க்காமல் விட்டுவிட்டதே என்று கனகவல்லிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

"மா, காபி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே அபிநவ் உள்ளே வந்தான். கையில் ஸ்வீட் டப்பா. அதை மேஜையில் வைத்துவிட்டு மனைவியின் தோளைத் தட்டினான். "நாளைக்கு மீட்டிங்குக்கு நானும் வரேன், சாயி. யாராவது கலாட்டா பண்ணினா பெங்காலில சமாளிக்க ஆள் வேணுமே."

சாய்பிரியா தோளை நகர்த்திக்கொண்டாள்.

"உக்காருடா" என்றாள் கனகவல்லி.

அந்தக் குரலை அபிநவ் வீட்டில் கேட்டதில்லை. ஆபீஸில் கேட்டவர்கள் இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வீட்டுக்கு அனுப்ப வேறு ஆள் இல்லை.

"செப்டம்பர் பதினேழாம் தேதி யாருக்கும் யாருக்கும்டா கிரிக்கெட்?"

சிரிக்கப் போனவன் திரையைப் பார்த்தான். அதில் சிவப்புப் பட்டம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. முகம் மெல்ல மாறியது. ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"நானா நாளைப் பிடிச்சேன், மா? சாயிதான் டேட் வச்சா. நான் ஒண்ணும் பண்ணலை. சும்மா இருந்தேன், அவ்வளவுதான்."

"சும்மா இருக்கலை. அவள் கேட்டப்போ பொய் சொன்னே."

அபிநவ் குனிந்தபடி டப்பாவின் நூலை விரலில் சுற்றினான். "இந்த வீட்டுக்காகத்தானே பண்ணினேன்."

"ஸ்மிதா வீட்டுக்குப் போய் இதைச் சொல்லுவியா? ரிமி முன்னாடி நின்னு சொல்லுவியா?"

சாய்பிரியா லேப்டாப்பை மூடினாள். அழுகை வரும் என்று கனகவல்லி நினைத்தாள். வரவில்லை.

"நாளைக்கு நான் எழுந்து சொல்லப்போறேன், அபி. தேதி என் தப்பு. அதை நான் ஒத்துக்கறேன். எனக்கு யார் என்ன சொன்னாங்கன்னு கேட்டா, அதையும் சொல்லுவேன். திரும்ப எண்ணணும், வரைபடத்தைத் திரும்பப் போடணும். வேலை போனாலும் சரி."

கனகவல்லி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மருமகளின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "முன் வரிசைல நானும் உக்காந்திருப்பேன்" என்றாள்.

அபிநவ் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. ஆனால் கேட்ட கேள்வி வேறாக இருந்தது.

"அப்பாவைக் கேட்டியா, மா?"

"கேட்டேன். அன்னிக்குக் காலைலயே உன்கிட்டச் சொன்னதாச் சொன்னார். நான்தான் நம்பலை."

"சொன்னார், வாஸ்தவம்தான்." அவன் குரல் தாழ்ந்தது. "மத்தியானம் சாயி ஃபோன் பண்ணினப்போ மாடில என் பக்கத்துல நூல் சுத்தின லட்டாயைப் பிடிச்சிண்டு நூல் விட்டுக் குடுத்தது யாருன்னு சொன்னாரா?"

கனகவல்லி பால்கனிக்கு ஓடினாள். நாற்காலியில் பேப்பர் விரித்தபடி கிடந்தது. கீழே எட்டிப் பார்த்தாள். வாசல் கேட் திறந்திருந்தது. படியில் எப்போதும் கிடக்கும் கோபாலனின் செருப்பைக் காணோம்.